வில்லெம் ஐன்தோவன் (1860 - 1927): இதயத் துடிப்பை எழுத வைத்த விஞ்ஞானி



குருதிச் சுற்றோட்டம் பற்றிய பாடத்தில் இதய மின்வரைபடத்தைப் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதனை ஈ.சி.ஜி. என்பார்கள். இன்று அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் கைக்கடிகாரங்கள் தலவாக்கலைக்கும் வந்துவிட்டன. அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஐன்தோவனின் வாழ்க்கையைப் படித்தால் விடை தெளிவாகும்.

இளமை

ஐன்தோவன் 1860 மே 21 இல், அன்று ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தார். தந்தை ஒரு வைத்தியர். மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். 1870 இல் தாய் தம் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயே ஐன்தோவன் மருத்துவம் கற்றார். 1885 இல், 25 வயதில், லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடற்றொழிலியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

பிழையான கருவியும் சரியான கணக்கும்

இதயம் துடிக்கும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. 1887 இல் இலண்டனில் ஒகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்னைப் பதிவு செய்து காட்டினார். அவர் பயன்படுத்திய கருவியில் ஒல்லியான கண்ணாடிக் குழாயினுள் இரசம் ஏறி இறங்கும். இரசம் பாரமானது; ஆகவே இதயத்தின் வேகத்திற்கு ஈடுகொடுக்க அதனால் முடியவில்லை. பதிவான கோடு உண்மையான கோட்டிலிருந்து மாறுபட்டது.

மாணவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். கருவி காட்டியதை ஐன்தோவன் அப்படியே ஏற்கவில்லை. கருவி எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து, கணித முறையால் உண்மையான கோட்டைக் கண்டுபிடித்தார். 1895 இல் அந்தக் கோட்டின் அலைகளுக்கு பீ, கியூ, ஆர், எஸ், ரி என்று பெயரிட்டார். இன்றும் உலகம் முழுவதும் அப்பெயர்களே வழங்குகின்றன.

ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வாறு கணக்குப் போட முடியாது அல்லவா? எனவே புதிய கருவியொன்றை அமைத்தார். காந்தப்புலத்தின் நடுவே வெள்ளி பூசிய மிக மெல்லிய குவாட்சு இழையைத் தொங்கவிட்டார். இதயத்தின் மின் அதனூடாகச் செல்லும்போது இழை அசையும். அந்த அசைவின் நிழல் படமாகப் பதியும். இதுவே 1901 இல் அவர் வெளியிட்ட இழைக் கல்வனோமானி. அதன் நிறை சுமார் 270 கிலோகிராம். இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்திருப்பார். புதிய கருவி வரைந்த கோடு, முன்பு கணக்கால் பெற்ற கோட்டுடன் பொருந்தியது. கணக்கும் கருவியும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

இந்தப் பெரிய கருவியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே 1905 இல் சுமார் 1.5 கிலோமீற்றர் தூரத்திலிருந்த வைத்தியசாலையையும் ஆய்வுகூடத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். நோயாளி அங்கே, பதிவு இங்கே. 1906 இல் சீரற்ற இதயத் துடிப்பின் வரைபடங்களையும் வெளியிட்டார். 1924 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். 1927 செப்டெம்பர் 29 இல் லெய்டனில் காலமானார்.

அவருக்குப் பின்

வைத்தியசாலையில் சில விநாடிகள் எடுக்கும் வரைபடத்தில் ஒரு குறை உண்டு. சீரற்ற துடிப்பு வந்து வந்து போகும். பதிவு செய்யும் நேரத்தில் வராவிட்டால் அகப்படாது. இதனால் அமெரிக்கரான நோர்மன் ஹோல்ட்டர் உடலில் சுமந்து செல்லும் கருவியை அமைத்தார். அவரது முதற் கருவி முதுகில் சுமக்கும் சுமார் 38 கிலோகிராம் பாரம். கொழுந்து மூட்டை சுமப்பவர்களுக்கு அந்தப் பாரம் நன்றாகத் தெரியும். பின்னர் அது இடுப்பில் கட்டும் அளவுக்குச் சிறிதாகியது.

இன்றைய கைக்கடிகாரம் பெரும்பாலும் ஒளியையே நம்புகிறது. தோலினுள் பச்சை ஒளியைச் செலுத்தி, குருதி பாயும் மாற்றத்தைக் கொண்டு துடிப்பை எண்ணும். பட்டி தளர்ந்தாலும் கை அசைந்தாலும் பிழை வரும். சில கடிகாரங்களில் மறு கையின் விரலை வைத்தால் மின்வரைபடமே கிடைக்கும். இரு கைகளுக்கும் இடையிலான அந்தப் பதிவு ஐன்தோவன் வகுத்த முதலாவது இணைப்பேயாகும். ஆனால் அதைக் கொண்டு மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 4,19,297 பேர் கடிகாரம் அணிந்தனர். அவர்களுள் 2,161 பேருக்குச் சீரற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை வந்தது. பின்னர் நெஞ்சில் ஒட்டும் மின்பதிவுப் பட்டையை அணிந்து திருப்பியனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கே சோணையறை நடுக்கம் காணப்பட்டது. ஏனையோர் அனைவருக்கும் கடிகாரம் பொய் சொன்னது என்பது இதன் பொருளன்று. நடுக்கம் இடையிடையே மறைவதும் உண்டு. கடிகாரமும் பட்டையும் ஒரே நேரத்தில் அணியப்பட்டிருந்தபோது வந்த எச்சரிக்கைகளில் 84 சதவீதம் சரியாயின.

சோணையறை நடுக்கத்தால் இதயத்தினுள் குருதி உறைந்து, மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை உண்டாக்கலாம். ஆகவே மாணவர்களே, வீட்டில் யாருக்காவது கடிகாரம் எச்சரித்தால் பயப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம், வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால், கடிகாரம் எல்லாம் சரி என்று காட்டினாலும் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கருவி காட்டுவதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே ஐன்தோவன் நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

பயிற்சி வினாக்கள்

1. இரசக் கருவியின் குறைபாடு யாது? ஐன்தோவன் அதனை எவ்வாறு திருத்தினார்?
2. இழைக் கல்வனோமானி தொழிற்படும் விதத்தைச் சுருக்கமாக விளக்குக.
3. நெடுநேரம் உடலில் அணியும் கருவி தேவைப்பட்டமைக்குக் காரணம் தருக.
4. கைக்கடிகாரத்தின் எச்சரிக்கையை இறுதி முடிவாகக் கொள்ளலாமா? இரு காரணங்கள் காட்டுக.