யாழ் மீட்ட அடிகள்

நாமக்கல் மாவட்டத்தில் ஓங்கி நிற்கும் கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலையாகும். யாழும் முழவும் சுமந்து வந்த பாணரும் விறலியரும் அவனிடம் பரிசில் பெற்று வறுமை நீங்கிச் சென்றனர் என்பதைப் புறநானூறு கூறும். அம்மலையின் பெயரைத் தாங்கிய பண் ஒன்றும் தமிழிசையில் உண்டு. சூலை நோயால் வருந்திய திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதற் பதிகம் அக்கொல்லிப் பண்ணிலேயே அமைந்தது. ஓதுவார்கள் அதனை இன்று நவரோசு இராகத்தில் பாடுகின்றனர். இவ்வாறு பண் பிழைத்தது, பாடலும் பிழைத்தது. பாணன் கையிலிருந்த யாழோ மறைந்தொழிந்தது. அதன் இடத்தை வீணை பெற்றது. பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர்கள் எழுதிவைத்த கணக்கு மட்டும் ஏட்டில் எஞ்சியது. அந்நரம்புகளை எவ்வாறு கட்டினர், எவ்வாறு சுருதி கூட்டினர் என்று சொல்லவல்லார் ஒருவரும் இலர்.

அக்கலையை மீட்க முற்பட்டவர் பல்கலைக்கழகத்தில் இசையைச் சிறப்புப் பாடமாகக் கற்றவர் அல்லர். அவர் பெற்ற பட்டம் விஞ்ஞானப் பட்டம். அவரே விபுலானந்த அடிகள்.

அடிகள் இலங்கையின் கீழ்க்கரையில், மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவு என்னும் ஊரில் 1892ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். பின்னாளில் இவர் வாழ்வையே ஆட்கொள்ளப்போகும் நூல் இவருடன் ஒருங்கே உலகிற்கு வந்தது எனலாம்.

மயில்வாகனனார் மட்டக்களப்பில் பள்ளிக் கல்வி முடித்துக் கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்றார். 1916ஆம் ஆண்டு விஞ்ஞானத்தில் தகுதிச் சான்று பெற்றவர், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் வெற்றி எய்தினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் கிடைத்தது. ஒரு கையில் தொல்காப்பியமும் மறு கையில் பௌதிக நூலுமாக ஒருவர் நடப்பது அந்நாளில் அருமை, எந்நாளிலும் அருமையே. பின்னர் அவர் உள்ளம் துறவை நாடியது. சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924இல் சந்நியாசம் பெற்று, விபுலானந்தர் ஆயினார். தாயகம் திரும்பி, மட்டக்களப்பை அடுத்த கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

கல்லடியின் அருகே பரந்து கிடப்பது மட்டக்களப்பு வாவி. நிலவு காயும் அமைதியான இரவுகளில் அவ்வாவியின் நீருக்கடியிலிருந்து இனிய ஒலி எழுவதாகச் சொல்வர். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியிற் பொருத்தினால் அது தெளிவாகக் கேட்குமாம். மீன் பாடும் நாடு என அப்பகுதி புகழ் பெற்றது இதனாலேயே. அடிகள் இவ்வொலியைக் கேட்டு மகிழ்ந்ததோடு அமையாது, இஃது எவ்வெச் சுரங்களால் ஆயது என எண்ணினார்; அதனைப் பாட்டாகவும் பாடினார். கவிஞர் உள்ளமும் விஞ்ஞானியின் ஐயமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1931இல் அடிகளைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே பாரதியார் பாடல்களை மாணவரிடையே பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். அப்பல்கலைக்கழகத்தில் இசைக்கும் இடம் இருந்தது. ஆயினும் அந்நாளில் இசை பயில்வோர் சிலப்பதிகாரத்தைத் திறப்பது அரிது. தமிழ் பயில்வோர் அரங்கேற்று காதையைப் படிப்பர். யாழாசிரியன் இலக்கணம் வந்தவுடன் உரையை ஒருமுறை வாசித்துவிட்டு அப்பாற் செல்வர். விஞ்ஞானம் பயில்வோர்க்கு இவ்விரண்டுமே அயலானவை. மூன்று வகுப்பறைகளுக்கும் இடையே சுவர்கள் இருந்தன. அச்சுவர்களுக்குள்ளே யாழ் சிறைப்பட்டுக் கிடந்தது.

அடிகள் அரங்கேற்று காதையின் அச்சிலவடிகளையே பற்றிக்கொண்டார். அடியார்க்குநல்லார் தம் உரையில் எடுத்துக்காட்டும் இசைநுணுக்கம், இந்திரகாளியம் முதலிய பழைய நூல்கள் முழுமையாகக் கிடைத்தில. பஞ்சமரபு அச்சேறியது அடிகள் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே. ஆகவே உரையில் சிதறிக் கிடந்த குறிப்புகளைக் கணிதத்தின் துணைகொண்டு இணைக்க வேண்டியதாயிற்று. நரம்பின் பருமனும் இழுவிசையும் மாறாதிருக்க, நீளம் பாதியானால் ஒலி ஒரு தானம் உயரும். மூன்றில் இரண்டு பங்கானால் குரலுக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். வீணையில் ஒரே நரம்பை வெவ்வேறிடங்களில் அழுத்திச் சுரங்களைப் பெறுகின்றோம். யாழிலோ ஒவ்வொரு சுரத்திற்கும் தனி நரம்பு வேண்டும். ஆதலின் நரம்பின் நீளக் கணக்கை அறிந்தால் யாழின் வடிவையே அறியலாம் என்பது அடிகள் கண்ட வழி. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் சுருதிகள் 24 என நிறுவியிருந்தார். அடிகளோ 22 என்பதையே கொண்டார். எது சரி என்னும் வழக்கு இன்னும் அறிஞரிடையே உண்டு.

1933இல் அடிகள் பேராசிரியப் பதவியை விட்டு நீங்கினார், ஆராய்ச்சியை விடவில்லை. இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து ஆங்கில இதழொன்றை நடத்தியபோதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானபோதும் யாழே அவர் நெஞ்சில் நின்றது. மடத்துப் பணி, பள்ளிப் பணி, இதழ்ப் பணி ஆகியவற்றிற்கு இடையே கிடைத்த பொழுதுகளிலேயே நூல் வளர்ந்தது. அதற்கிடையில் நோயும் வந்து உடலை மெலிவித்தது.

யாழ் நூல் ஏழு இயல்களாய் முற்றுப்பெற்றது. பாயிரவியலில் தொடங்கி, பண்ணியலையும் கடந்து, தேவாரப் பண்களைத் தனியோர் இயலில் ஆராய்கின்றது அந்நூல். கொல்லி முதலாகிய பண்களைக் கேட்டு இன்புறுவார் பலர். அவற்றின் சுரங்களைக் கணக்கிட்டு அறிய முயன்றார் மிகச் சிலர். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அந்நூலை வெளியிட, 1947ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அடிகளின் ஆராய்ச்சிப்படி செய்யப்பட்ட யாழ்கள் அவையோர் முன் இசைக்கப்பட்டன. பல நூற்றாண்டுகள் வெறும் பெயராய்க் கிடந்த கருவி மீண்டும் ஒலித்தது. முற்காலத்து யாழின் ஒலி முற்றும் இதுவேதான் என உறுதி கூறுதற்கு அக்காலத்தார் எவரும் வரப்போவதில்லை. எனினும் அதனைச் செவியாற் கேட்கும் பேறு அடிகளுக்கு வாய்த்தது.

அப்பேறு நெடிது நிலைக்கவில்லை. அரங்கேற்றம் முடிந்து ஒன்றரைத் திங்கள் கழியுமுன், 1947 சூலை 19ஆம் நாள், கொழும்பில் அடிகள் மறைந்தார். அவர் உடல் கல்லடிக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவானந்த வித்தியாலயத்தின் வளவில் அடக்கம் செய்யப்பட்டது. இசையில் பட்டம் பெறாத அவருடைய பெயரால், இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று இன்று மட்டக்களப்பில் நடைபெறுகின்றது. அங்கே மாணவர்கள் இசையைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெறுகின்றனர்.