கே. பி. சுந்தராம்பாள்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908 - 1980) தமிழ் நாடக மேடையிலும் திரைப்படங்களிலும் பாடி நடித்துப் புகழ்பெற்ற இசைக் கலைஞர் ஆவார். கொடுமுடி கோகிலம் என்றும், கே. பி. எஸ். என்றும் அழைக்கப்பட்டார். இந்திய விடுதலை இயக்கத்திலும் பங்கு கொண்டார். திரைத்துறையிலிருந்து சட்ட மன்றத்துள் நுழைந்த முன்னோடிகளுள் ஒருவர்.

இளமைக் காலம்

சுந்தராம்பாள் இன்றைய ஈரோடு மாவட்டத்தில், காவிரிக் கரையில் அமைந்துள்ள கொடுமுடியில் பிறந்தார். தாயார் பாலாம்பாள். தந்தையை இளம் வயதிலேயே இழந்ததால் குடும்பம் வறுமையில் வாடியது. சிறுமியான சுந்தராம்பாள் தொடருந்துகளில் பாடிப் பொருள் ஈட்டினார். அவ்வாறு பாடியபோது அவரது குரல்வளத்தைக் கண்டுகொண்டவர், தொடருந்துத் துறை அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப். ஜி. நடேச ஐயர் என்று கூறப்படுகிறது. பின்னர் வேலு நாயரின் நாடகக் குழுவில் சிறுவர் வேடங்களில் நடிக்கத் தொடங்கினார்.

நாடக வாழ்க்கை

ஒலிபெருக்கி பரவலாகாத அக்காலத்தில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். எனவே உச்ச சுருதியில் தெளிவாகப் பாடும் திறனே ஒரு நடிகரின் முதல் தகுதியாகக் கருதப்பட்டது. சுந்தராம்பாளிடம் அத்திறன் இயல்பாகவே அமைந்திருந்தது. தமிழகத்தைப் போலவே இலங்கையிலும் அவரது நாடகங்களுக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது.

1926 இல் கொழும்பில், செங்கோட்டையைச் சேர்ந்த புகழ்பெற்ற நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு அமைந்தது. வள்ளி திருமணம் நாடகத்தில் இருவரும் போட்டியிட்டுப் பாடியதைக் கேட்க மக்கள் திரண்டனர்.

திருமணமும் பிரிவும்

இருவரும் 1927 இல் திருமணம் செய்துகொண்டனர். கிட்டப்பா வேறு சாதியைச் சேர்ந்தவர், ஏற்கனவே மணமானவர். இவர்களுக்குப் பிறந்த குழந்தை உயிர் பிழைக்கவில்லை. நாளடைவில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வெளிவந்தன. அப்பிரிவின் துயரத்தை அவை காட்டுகின்றன.

கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று, தமது 27 ஆவது வயதில் காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் வெள்ளைச் சேலையும் திருநீறுமாகவே வாழ்ந்தார். எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை எனவும் உறுதி பூண்டார். சில காலம் மேடையை விட்டு விலகியிருந்து, பின்னர் மீண்டும் பாட வந்தார்.

திரைப்படத் துறை

மேற்கண்ட உறுதியே அவர் ஏற்ற வேடங்களைத் தீர்மானித்தது எனலாம். 1935 இல் வெளியான நந்தனார் படத்தில் ஆண் வேடமாகிய நந்தனாராகவே நடித்தார். வேதியராக நடித்தவர் இசைக் கலைஞர் மகாராசபுரம் விசுவநாத ஐயர். இப்படத்திற்காகச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் எனக் கூறப்படுகிறது. அந்நாளில் இது பெருந்தொகையாகும்.

அதன் பின்னர் துறவியர், அடியார், முதியோர் வேடங்களையே ஏற்றார். அவற்றுள் சில:

மணிமேகலை (1940)
ஔவையார் (1953) - ஜெமினி நிறுவனத் தயாரிப்பு
பூம்புகார் (1964) - கவுந்தியடிகள்
திருவிளையாடல் (1965) - ஔவையார்
கந்தன் கருணை (1967) - ஔவையார்
துணைவன் (1969)

இன்றும் தமிழர் பலரின் மனத்தில் ஔவையாரின் உருவம் சுந்தராம்பாளின் உருவமாகவே பதிந்துள்ளது.

அரசியல்

காங்கிரசுத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் காங்கிரசு மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடினார். அரசியல் கூட்டங்களுக்குப் பெருந்திரளான மக்களை ஈர்க்கும் ஆற்றல் அவரது பாட்டுக்கு இருந்தது. 1950களில் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார்.

விருதுகள்

சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது - துணைவன் படத்திற்காக (1969)
பத்மசிறீ - இந்திய அரசு (1970)

மறைவு

சுந்தராம்பாள் 1980 இல் காலமானார். அவர் பாடிய முருகன் பாடல்களும் ஔவையார் பாடல்களும் கோயில் திருவிழாக்களில் இன்றளவும் ஒலிபரப்பப்படுகின்றன.