அவிசுவாசிகளின் பந்தியில் சிறுமலர்

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே இல்லை எனலாம். பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் அப்படத்தைத் தீட்டியவர் அவருடைய சொந்த அக்காள் செலின். படம் அழகானதே. ஆயினும் அந்த மலர்களுக்குப் பின்னே மறைந்து கிடக்கும் பதினெட்டு மாத வரலாறு ஒன்று உண்டு. ஜூபிலி மலரில் அதையே எழுதத் துணிகிறோம்.

பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் 1873 ஜனவரி 2-ஆம் நாள் லூயி மார்ட்டின், செலி தம்பதியரின் ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்தார் தெரேசா. நான்கு பிள்ளைகள் இளமையிலேயே இறந்துவிட, ஐந்து பெண்மக்கள் எஞ்சினர். நாலரை வயதில் தாயை இழந்தார். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது.

1887-ஆம் ஆண்டு பாரிசில் மூவரைக் கொலை செய்த பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் மனந்திரும்புவதாகக் காணோம். பதினான்கு வயதுச் சிறுமி தெரேசா அவனுக்காகச் செபித்து, தம் ஆறுதலுக்கென ஓர் அடையாளமும் கேட்டார். ஆகஸ்ட் 31-இல் தலை வெட்டப்படுமுன் அவன் குருவின் கையிலிருந்த சிலுவையை முத்தமிட்டான் என்ற செய்தி நாளிதழில் வந்தது. இதை நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளும் சொல்வர். கவனிக்க வேண்டியது ஒன்று. அன்று சிறுமி கரையில் நின்றார்; மூழ்குகிறவன் தண்ணீரில் இருந்தான்.

1888 ஏப்ரல் 9-இல், பதினைந்தே வயதில், லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே அன்புத் தந்தை மனநோயாளர் விடுதியில் சேர்க்கப்பட்டார். ஊரார் பேசிய பேச்சு மடத்துச் சுவர்களையும் தாண்டியிருக்கும். செபத்தில் சுவையின்மை, நற்கருணைக்குப் பின் தூக்கம், இவையெல்லாம் அவருக்குப் பழகிப் போயின. ஆனால் அவருடைய விசுவாசம் உயிருள்ளதாகவே இருந்தது. சொல்லப்போனால், கடவுளை மறுப்போர் உண்மையிலேயே உண்டென்று அவர் நம்பவுமில்லை. மோட்சம் இல்லை என்பார் தம் மனச்சாட்சிக்கு விரோதமாகப் பேசுகிறார்கள் என்பதே அவர் எண்ணம். நம்மில் எத்தனை பேருக்கு இன்றும் அதே எண்ணம்!

1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு. படுக்கையில் சாய்ந்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ பொங்கி வாய்வரை வந்தது. விளக்கை ஏற்கெனவே அணைத்துவிட்டதால், விடியும்வரை பார்க்காமல் ஒறுத்தலாகப் பொறுத்திருந்தார். காலையில் பார்த்தால் இரத்தம். காசநோய்! அவரோ மணவாளன் அழைக்கிறார் என்று மகிழ்ந்தார். மோட்சம் அவ்வளவு நிச்சயமாய் இருந்தது.

அந்தப் பாஸ்கா நாட்களிலேயே அந்த நிச்சயம் மறைந்தது. மோட்சத்தை நினைத்தாலே ஆறுதல் பெற்றவருக்கு இப்போது அந்த நினைவே போராட்டமாயிற்று. சாவுக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் இருளே என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஏளனம் செய்தது. விஞ்ஞானம் வளர வளர எல்லாவற்றிற்கும் இயற்கையான விளக்கம் கிடைத்துவிடும் என்ற பொருள்முதல்வாதிகளின் வாதங்கள் தம் மனத்தை நெருக்குவதாகப் பின்னர் அக்காளிடம் கூறினார். அது அந்நாளைய பிரான்சின் தெருக்களில் பேசப்பட்ட பேச்சு. மடத்துக் கம்பிக் கதவு அதைத் தடுக்கவில்லை.

அவர் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதித் தம்மோடு வைத்துக்கொண்டார். ஓராண்டில் செய்த விசுவாச முயற்சிகள் அதற்குமுன் வாழ்நாளெல்லாம் செய்தவற்றைவிட அதிகம் என்பது அவரே தரும் கணக்கு. மடத்துக் குருவிடம் சொன்னபோது, அதிலேயே மனத்தை நிறுத்துவது ஆபத்து என்று அவர் எச்சரித்தார். சகோதரிகளுக்கு மோட்ச இன்பத்தைப் பற்றிக் கவிகள் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவற்றைப் படித்தோர் அவர் உள்ளம் ஒளியில் திளைப்பதாக எண்ணினர். அவரோ தாம் உணர்ந்ததை அல்ல, விசுவசிக்க விரும்பியதைப் பாடினார்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் வேறு. அவிசுவாசிகள் உண்மையிலேயே உண்டு என்பதை இப்போது அறிந்தார். அவர்களைச் சகோதரர் என்று அழைத்தார். அவர்களுடைய கசப்பான பந்தியில் தாமும் அமர்ந்து, ஆண்டவர் குறிக்கும் நாள்வரை எழாதிருக்கச் சம்மதித்தார். கரையில் நின்ற சிறுமி தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

இதற்கிடையே ஓர் அவமானமும் நேர்ந்தது. டயானா வாகன் என்ற பெண் மேசன் சபையை விட்டு மனந்திரும்பியதாகக் கூறும் நூல்கள் பிரான்சுக் கத்தோலிக்கரிடையே பரபரப்பை உண்டாக்கின. மடத்தாரும் நம்பினர். தெரேசா அவருக்குக் கடிதமும், தாம் ஜோன் ஆப் ஆர்க் வேடத்தில் இருந்த படமும் அனுப்பியிருந்தார். 1897 ஏப்ரல் 19-இல் லியோ தக்சில் என்பவன் பாரிசில் மேடையேறி, அப்படிப்பட்ட பெண்ணே இல்லை, எல்லாம் தன் கற்பனையே என்று சிரித்தான். திரையில் காட்டப்பட்டது தெரேசாவின் படம்! டயானாவின் பெயரில் வந்திருந்த கடிதத்தை அவர் கிழித்து எருக்குவியலில் எறிந்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் அவிசுவாசிகளைச் சகோதரர் என்று எழுதினார். இவ்வாண்டில் நம்மை வியக்க வைப்பது இதுவே.

இக்காலத்தைப் பற்றி இருவகையாகப் பேசுவாருண்டு. அவர் விசுவாசத்தையே இழந்தார் என்பர் சிலர். அது தவறு, இழந்தவர் இரத்தத்தால் எழுதி வைத்துக்கொள்வதில்லை. புனிதர்களுக்கு வரும் பக்திச் சோதனைதானே என்று எளிதாகக் கடந்து போவர் வேறு சிலர். அதையும் நாம் ஏற்பதற்கில்லை. நோய் முற்றிய நாட்களில், கொடிய மருந்துகளை நோயாளியின் அருகே வைக்க வேண்டாம் என்று அக்காளை எச்சரித்தாரே, அது விளையாட்டா? ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து கடைசித் தூணருகே நின்று, விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் திறக்காதவர்கள் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. அவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவசரப்படும் நமக்கு, தெரேசாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதும் கடினமாகவே இருந்திருக்கும்.

1897 செப்டம்பர் 30 மாலை, மூச்சுக்குத் தவித்து, இருபத்து நான்காம் வயதில் இறந்தார். மறு ஆண்டு அவர் வரலாறு அக்காளின் திருத்தங்களோடு அச்சாயிற்று. அவர் எழுதியபடியே வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1925-இல் புனிதராகவும், 1927-இல் வேதபோதக நாடுகளின் பாதுகாவலராகவும், 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இயசிந்த் லோய்சோன் என்பவர் கார்மேல் சபைத் துறவி, பாரிசின் பேர்பெற்ற பிரசங்கி. 1869-இல் சபையை விட்டகன்று, பின் திருமணமும் செய்துகொண்டார். பக்தியுள்ள வீடுகளில் அவர் பெயரைச் சொல்லவே கூசினர். 1897 ஆகஸ்ட் 19-இல் தெரேசா உட்கொண்ட நற்கருணையே அவருடைய கடைசி நற்கருணை. அதை லோய்சோனுக்காக ஒப்புக்கொடுத்தார். பிரான்சினிக்காகக் கேட்டதுபோல் அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. லோய்சோன் 1912-இல் திருச்சபைக்குத் திரும்பாமலே இறந்தார்.