திரும்பி வராத டாக்டர்

செனாய் வட்டாரத்திலே ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பால்மரக் காடு. இன்று பல தோட்டங்கள் துண்டு துண்டாகி, வீடமைப்பும் தொழிற்சாலையும் விமான நிலையத்துச் சாலையுமாக ஆகிவிட்டன. மிச்சமிருக்கிற தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனைதான். ஆனால் ஒன்று மட்டும் மாறவே இல்லை. லயத்திலே இருந்தாலும் சரி, தாமானுக்குக் குடிபோனாலும் சரி, நம்முடைய தாய் தகப்பன்மார் மனசிலே இருக்கிற ஆசை ஒன்றுதான். பிள்ளைய எப்படியாவது டாக்டராக்கிப் பார்த்துடணும்.

அந்த ஆசை நிறைவேறின வீடுகளிலே இப்போது வேறொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. படித்து முடித்த பிள்ளை இங்கேயே அரசாங்க ஆஸ்பத்திரியிலே இருப்பதா, இல்லை பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போவதா? சிலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று இன்னும் தூரம் பார்க்கிறார்கள். போனால் துரோகம் என்கிறார் ஒருவர். இருந்தால் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார் இன்னொருவர். இந்தியாவிலும் இதே வழக்குத்தான், நெடுங்காலமாக நடக்கிறது.

இதற்கு ஒரே வார்த்தையிலே தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா? அதற்கு முன்னால், நூறு வருஷத்துக்கு முந்தி சென்னையிலிருந்து கப்பலேறிப்போன ஒரு டாக்டருடைய கதையைக் கேளுங்கள். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திலே பிறந்தார். தெலுங்குக் குடும்பம். தகப்பனார் ஜகந்நாதம், வருவாய்த்துறையில் வேலை பார்த்து, உடல்நலம் கெட்டு முன்னதாகவே வேலையை விட்டவர். ஏழு பிள்ளைகள். வீட்டிலே வறுமை. தாயார் வெங்கம்மாதான் குடும்பத்தைத் தாங்கினார்.

பிள்ளை படிப்பிலே புலி என்று நினைத்துவிடாதீர்கள். பதிமூன்று வயதிலே, காசிக்குப் போய் யாத்திரைக்காரர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டு ஓடினவர் அவர். தாயார் ஆள்விட்டுப் பிடித்துக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்திலே உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்துதான் தேறினார். ஒரு பரீட்சை போச்சு என்றால் பிள்ளையைத் திட்டித் தீர்க்கிற பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் மனசிலே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு மாநிலக் கல்லூரி, அதற்குப் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. மருத்துவம் படிக்கப் பணம் இல்லை. 1919-இல் சேஷகிரி என்ற பெண்ணை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்திதான் படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தார்.

அந்த நாளிலே காந்தி அடிகளின் இயக்கம் நாடு முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. அந்நியத் துணியை விட்டுக் கதர் உடுத்தச் சொன்னார் காந்தி. சுப்பாராவ் அறுவை சிகிச்சைக் கூடத்துக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த வெள்ளைக்காரர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சையை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழைத்தான் கொடுத்தார்கள். மாகாண மருத்துவச் சேவையிலே வேலைக்கு முயன்றார். அந்தக் கதவும் திறக்கவில்லை.

இதற்கிடையே வீட்டிலே பேரிடி. ஸ்ப்ரூ என்று ஒரு நோய். ஓயாத வயிற்றுப்போக்கு. தின்றது உடம்பிலே ஒட்டாது, இரத்தம் சுண்டி ஆள் கரைந்துபோவார். அந்த நோயிலே அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியிலே இறந்தார்கள். மருத்துவம் படித்தவர் வீட்டிலேயே இந்தக் கதி! பின்னால் சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத வைத்தியம் தெரிந்த டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி அவரைக் காப்பாற்றினார். அதன்பின் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூறு பாடம் நடத்துகிற வேலை கிடைத்தது. ஆனால் அவர் மனசு சமாதானமாகவில்லை. இந்த நோய்க்கெல்லாம் மூலம் என்ன, மருந்து என்ன என்று ஆராய வேண்டும். அதற்கு வேண்டிய சோதனைக்கூடம் அவருக்கு இங்கே கிடைக்கவில்லை.

அமெரிக்காவிலே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. காக்கிநாடாவிலே இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மஸ்தாபனம் உதவுவதாக வாக்களித்தது. மாமனாரும் பணம் புரட்டிக் கொடுத்தார். 1920-களின் தொடக்கத்திலே சுப்பாராவ் கப்பலேறினார். கொஞ்ச காலம் படித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணம். சேஷகிரி ஊரிலேயே இருந்தார்.

தோட்டத்து அன்பர்களே, இந்த இடத்திலே உங்கள் பாட்டன் பூட்டன்மாரையும் நினைத்துப் பாருங்கள். அதே மாகாணம், அதே காலம். கங்காணி பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்திலே கப்பலேறினார்களே, அவர்களும் மூன்று வருஷத்திலே திரும்பிவிடலாம் என்றுதானே வந்தார்கள்? ஒருவர் ஹார்வர்டுக்கு, ஒருவர் ஜொகூர் காட்டுக்கு. படிப்பு வேறு, கப்பல் வேறு. ஊரிலே வழி பார்த்திருந்த கண்ணீர் ஒன்றுதான்.

போன இடத்திலும் சுப்பாராவுக்குப் பட்டுக்கம்பளம் விரிக்கவில்லை. சென்னையில் பெற்ற சான்றிதழை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. பகலிலே படிப்பு, இரவிலே பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றிலே எடுபிடி வேலை. நோயாளிகளின் மலசட்டியைக் கழுவினார். டாக்டருக்குப் படித்தவன் இதைச் செய்வதா என்று அவர் நினைக்கவில்லை.

பிறகு ஹார்வர்டிலே சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆசிரியரோடு சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் கண்டுபிடித்த முறை 1925-இல் வெளிவந்தது. அது இன்றும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தசைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. என்ற இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். ஏ.டி.பி.யை ஜெர்மனியிலே லோமான் என்பவரும் அதே 1929-இல் கண்டுபிடித்தார். விடியற்காலையிலே வெட்டுக்கத்தி பிடிக்கிற கைக்கும், செம்பனைக் குலையைத் தூக்குகிற தோளுக்கும் சக்தி தருவது இந்தப் பொருள்தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்ற ஊரிலே இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். இரண்டே வருஷத்தில் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவரானார். அங்கே அவரும் அவருடைய கூட்டத்தாரும் செய்த வேலைதான் இன்று உங்கள் வீடு வரைக்கும் வந்திருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலாவது, ஃபோலிக் ஆசிட். கர்ப்பிணிப் பெண் கிளினிக்குக்குப் போனால் தாதி எடுத்துக் கொடுக்கிறாரே, அந்தச் சின்ன மாத்திரை. இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்திலே இரத்தசோகை கண்டு இறப்பதைப் பார்த்தார். ஈஸ்ட் சத்தைக் கொடுத்தால் குணமாவதையும் கண்டார். அந்தச் சத்திலே இருக்கிற சரக்கு எது என்று அப்போது தெரியவில்லை. அதுதான் ஃபோலிக் ஆசிட். அதைச் சோதனைக்கூடத்திலே செய்துகாட்டிய செய்தியை 1945-இல் சுப்பாராவின் கூட்டத்தார் வெளியிட்டார்கள். தம் சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோயின் இரத்தசோகைக்கும் அதே மருந்து வேலை செய்தது. இருபது வருஷத்துக்கு மேலாக மனசிலே சுமந்த கடனை அப்படித் தீர்த்தார்.

இரண்டாவது, யானைக்கால் மருந்து. ஹெட்ராஸான் என்ற பெயரிலே 1947-இல் வந்தது. டி.இ.சி. என்று இன்று சொல்லுகிறோம். கொசு கொண்டுவருகிற அந்தப் புழுவுக்கு, மலாயாவிலும் தமிழ்நாட்டிலும் கால் வீங்கி முடங்கிப்போனவர்கள் எத்தனையோ பேர். ஊரிலே எல்லோருக்கும் மாத்திரை கொடுத்து நோயை ஒழிக்கிற திட்டங்களிலே பிற்காலத்தில் இதுவே முக்கிய மருந்தானது.

மூன்றாவது, ஆரியோமைசின். அவர் தலைமையிலே வேலை செய்த டக்கர் என்ற முதிய தாவர விஞ்ஞானி மண்ணிலிருந்து எடுத்தது. 1948-இல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்கெல்லாம் மூத்தது இதுதான். செம்பனைக் காட்டிலே புல்லுப்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களிலே பேர்போன நோய். அதற்கு இன்றும் இந்த வகை மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு, அவருடைய கூடத்திலே செய்த அமினாப்டெரின் என்ற மருந்தை பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். பல பிள்ளைகளுக்கு நோய் சில காலம் தணிந்ததை 1948-இல் அவர் எழுதினார். அந்த வழியிலே வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.

அதே 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. வயசு 53. அமெரிக்காவிலே இருபத்தைந்து வருஷம் இருந்தும் அந்நாட்டுக் குடிமகனாக ஆகவில்லை. சுதந்திர இந்தியாவையும் பார்க்கவில்லை. சேஷகிரியையும் மறுபடி பார்க்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த ஆண் பிள்ளை கைக்குழந்தையாகவே இறந்துவிட்டது. இந்திய அரசாங்கம் 1995-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. காத்திருந்த அந்த அம்மாவுக்குத் தபால்தலை ஏது?

இப்போது நம் வழக்குக்கு வருவோம். சுப்பாராவ் போனது சரியா, தவறா?

அவர் போகாமல் இருந்திருந்தால் இந்த மருந்துகள் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இந்தக் கதையைக் காட்டி, வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு டாக்டரும் தன்னைச் சுப்பாராவ் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர் போனது மருந்து தேட. மருந்து ஒரு டப்பியிலே அடங்கும், கடல் தாண்டி நம்மிடம் வந்துவிடும். நாடி பிடிக்கிற கை அப்படி வராது. அந்தக் காலத் தோட்டங்களிலே டிரஸர் ஒருவர்தான் எல்லாம். டாக்டர் எப்போதாவது வந்து போவார். பிரசவ வேதனையிலே துடிக்கிற பெண்ணை லாரியிலே ஏற்றிக்கொண்டு ஓடின கதை உங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் நோயாளி இருக்கிற இடத்திலே இருக்க வேண்டும். அது நம் பிள்ளைகள் மறக்கக் கூடாத கடமை.

அதே சமயம் பிள்ளையை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிடக் கூடாது. சுப்பாராவை ஊரைவிட்டு அனுப்பியது எது? பேராசையா? இல்லை. கதர் போட்டதற்காகப் பட்டத்தைக் குறைத்தார்கள். வேலையும் கொடுக்கவில்லை. நம் நாட்டிலும் 2016 கடைசியிலிருந்து இளம் டாக்டர்களை ஒப்பந்தத்திலே வேலைக்கு வைத்தார்கள். நிரந்தர வேலையும் மேல்படிப்பு வழியும் தெரியாமல் தவித்த அவர்கள் 2021 ஜூலையிலே ஆஸ்பத்திரிகளைவிட்டு வெளியே வந்து நின்று குரல் கொடுத்ததைப் பார்த்தோம். வாசல் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளை வீட்டிலே தங்கவில்லையே என்று அழுது என்ன பயன்?

ஆகவே அன்பர்களே, பிள்ளையை டாக்டராக்க நினைக்கும்போதே இரண்டையும் சொல்லி வளர்ப்போம். தூர தேசம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியது இருந்தால் தாராளமாகப் போகட்டும். மலசட்டி கழுவியாவது கற்றுக்கொள்ளட்டும். ஆனால் யாருடைய நோயை நினைத்துப் படிக்கக் கிளம்பினான் என்பதை மறக்க வேண்டாம். சுப்பாராவ் உடம்பாலே திரும்பவில்லை. அவருடைய வேலை மட்டும் திரும்பி வந்தது. நம் பிள்ளைகள் இரண்டோடும் திரும்பி வரட்டும். வருகிறவர்களுக்கு இங்கே மரியாதையான வேலை வேண்டும் என்று கேட்க வேண்டியது நாம்தான்.

அடுத்த முறை கிளினிக்கிலே மகளுக்கோ மருமகளுக்கோ அந்தச் சின்ன மாத்திரையைக் கொடுத்தால், பீமவரத்துப் பையனையும் ஊரிலே காத்திருந்த சேஷகிரியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.