ஃபேனி புல்லக் வொர்க்மன்

ஃபேனி புல்லக் வொர்க்மன் (சனவரி 8, 1859 – சனவரி 22, 1925) அமெரிக்காவைச் சேர்ந்த மிதிவண்டிப் பயணி, மலையேறுநர், பயண நூலாசிரியர் ஆவார். இமயமலையிலும் காரகோரத்திலும் இவர் நிகழ்த்திய ஏற்றங்களே பெரும்பாலும் பேசப்படுகின்றன. எனினும் அதற்கு முன்பே தம் கணவர் வில்லியம் ஹன்டர் வொர்க்மனுடன் இலங்கையிலும் இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம் வரையிலும் மிதிவண்டியில் பயணம் செய்தவர் இவர். இந்தியாவை மிதிவண்டியில் நெடுந்தொலைவு சுற்றி, அதை நூலாகவும் எழுதிய முதற் பெண்களுள் ஒருவராக இவரைக் கொள்ளலாம்.

பிறப்பும் இளமையும்

ஃபேனி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் புல்லக் 1866 முதல் 1869 வரை அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். தாய்வழிப் பாட்டனார் வெடிமருந்துத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். ஃபேனி முதலில் வீட்டிலேயே ஆசிரியைகளிடம் கற்றார். பின்னர் நியூயார்க்கிலும் பாரிசிலும் திரெஸ்டனிலும் பயின்றார். பிரெஞ்சும் செருமனும் இவருக்கு நன்கு வந்தன.

1880களின் தொடக்கத்தில், தம்மைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மருத்துவரான வில்லியமை மணந்தார். நியூ ஹாம்ப்சயரின் வெள்ளை மலைகளில் மலையேற்றத்தை இவருக்கு அறிமுகப்படுத்தியவர் கணவரே. பெண்களும் மலையேறும் வழக்கம் அங்கு முன்பே இருந்தது. இருவரின் தந்தையரும் விட்டுச் சென்ற சொத்தினால் வருவாய் பற்றிய கவலை அவர்களுக்கு இல்லாது போயிற்று. 1889இல் குடும்பம் செருமனிக்குக் குடிபெயர்ந்தது. மகள் ரேச்சல், மகன் சீக்ஃப்ரீட் என இரு பிள்ளைகள். சீக்ஃப்ரீட் 1893இல் நோயுற்று இறந்தான். அதன்பின் தாயும் தந்தையும் ஆண்டின் பெரும்பகுதியைப் பயணத்திலேயே கழித்தனர். ரேச்சல் செவிலியரிடமும் விடுதிப் பள்ளிகளிலும் வளர்ந்தார்.

மிதிவண்டிப் பயணங்கள்

இரு சக்கரங்களும் ஒரே அளவில் அமைந்த, சங்கிலியால் இயங்கும் மிதிவண்டி 1885க்குப் பின்னரே பரவலாயிற்று. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். முன்சக்கரம் ஆளுயரம் இருந்த பழைய வண்டிகளில் நீண்ட பாவாடை அணிந்த பெண் ஏறுவது இயலாத செயல். புதிய வண்டியோ பெண்களைத் தொலைதூரச் சாலைகளுக்குக் கொண்டுவந்தது. ஃபேனி அக்காலப் பெண்களின் நீண்ட உடையிலேயே வண்டி ஓட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குப் பிறகு இவர்கள் அல்சீரியாவின் அட்லசு மலைத்தொடரைக் கடந்து சகாரா விளிம்பு வரை சென்றனர். 1895இல் எசுப்பானியாவில் ஏறத்தாழ 4,500 கி.மீ. பயணித்தனர். நாளொன்றுக்குச் சராசரியாக 70 கி.மீ., சில நாட்களில் 130 கி.மீ. வரை ஓட்டினர். இக்காலத்துக் கியர் வண்டியில் நல்ல சாலையில் 130 கி.மீ. சென்றவர்களுக்கே அதன் கடுமை விளங்கும்.

இந்தியப் பயணம்

1897இன் இறுதியில் தொடங்கிய இப்பயணத்தின்போது ஃபேனிக்கு வயது 38, வில்லியமுக்கு 50. புறப்படுமுன் ஃபேனி மகாபாரதம், இராமாயணம், புத்த சாதகக் கதைகள் ஆகியவற்றைப் படித்திருந்தார். கோயில்களையும் பழைய கட்டடங்களையும் காண்பதே நோக்கம். வண்டியில் ஏற்றிய சுமை மிகக் குறைவு: தேயிலை, சர்க்கரை, பிசுக்கோத்து, பாலாடைக்கட்டி, தகரத்தில் அடைத்த இறைச்சி, தண்ணீர், ஆளுக்கொரு போர்வையும் தலையணையும், எழுதுபொருள், மருந்து, பஞ்சர் ஒட்டும் கருவிகள். பஞ்சர் ஒட்டும் வேலை சில நாட்களில் நாற்பது முறை வரை நேர்ந்தது.

அக்காலத்தில் ஊருக்கு வெளியே வண்டி ஓட்டுவது எத்தகையது என்பதற்குச் செங்கல்பட்டுப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டிப் பாதை அப்போதே செங்கல்பட்டு வழியாக ஓடியது. அங்கிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்கு ஒரு கிளையும் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கி.மீ. ஏரிக்கரை, நெல்வயல், பனங்கூட்டம், பாறைக் குன்று என்று மாறிமாறி வரும் அவ்வழியில் எதிர்ப்படுவது மாட்டுவண்டிகளே. இன்றுள்ள கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்வோர் பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் செல்வதே வழக்கம். வாகன நெரிசலுக்கு அஞ்சி விடியுமுன்னரே புறப்படும் இக்காலச் சென்னை மிதிவண்டியாளருக்கு அந்த வெறுஞ்சாலை பொறாமை ஊட்டக்கூடும். ஆனால் வண்டித்தடங்கள் ஆழப் பதிந்த மண்ணும், பாலமில்லாத ஆற்றுமணலும், முள்ளும், குடிக்கத் தகுந்த நீர் கிடைக்காத நெடுவழியும் அதனுடன் சேர்ந்தே வந்தன.

இந்த இடர்களைத் தாங்க வொர்க்மன் தம்பதியர் கையாண்ட வழி எளியது. இயன்றவரை இருப்புப்பாதையை ஒட்டியே சென்றனர். உணவும் பிற பொருட்களும் அவ்வழியே கிடைத்தன. இருப்புப்பாதை இல்லாத இடங்களில் அதிக வசதியற்ற பயணியர் தங்குமனைகளில் இரவைக் கழித்தனர். தனிவழியில் இருவர் மட்டும் சென்றதாகத் தோன்றும் இப்பயணத்தின் பின்னே அரசு கட்டிய தங்குமனைகளும், தொடர்வண்டியும், பணியாளரின் உழைப்பும் இருந்தன. அவை இல்லாது இப்பயணம் நிறைவேறியிருக்காது.

இவர்கள் வந்த ஆண்டுகள் இந்தியாவுக்குக் கொடிய ஆண்டுகள். 1896இல் மும்பையில் கொள்ளைநோய் புகுந்தது. 1896–97இலும் 1899–1900இலும் பெரும் பஞ்சங்கள் நிகழ்ந்தன. ஆயினும் 1904இல் இருவர் பெயரிலும் வெளிவந்த 'நகரும் காடும் ஊடாக' என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல், கோயில், தூபி, கல்லறை மாடம் ஆகியவற்றுக்குத் தந்த இடத்தை அவற்றின் அருகே வாழ்ந்த மக்களுக்குத் தரவில்லை. இந்தியச் சமவெளியின் கோயில்களிடையேயும் மக்களிடையேயும் 14,000 மைல் (சுமார் 22,500 கி.மீ.) மிதிவண்டியில் சென்றதாக அதன் துணைத்தலைப்பு கூறுகிறது. ஒளிப்படங்கள் நிறைந்த நூல் என்பதால், நூறாண்டுக்கு முந்தைய கட்டடங்களின் நிலையை அறிய விரும்புவோருக்கு இன்றும் பயன்படும்.

மலையேற்றம்

1898ஆம் ஆண்டுக் கோடையின் வெப்பத்தைத் தவிர்க்க இவர்கள் மிதிவண்டியை விட்டு மலைகளுக்குச் சென்றனர். அதுவே வாழ்வின் திருப்பமாயிற்று. அவ்வாண்டு கஞ்சன்சங்காப் பகுதியை நோக்கித் திட்டமிட்ட பயணம் தட்பவெப்பத்தாலும் சுமைதூக்குவோருடன் ஏற்பட்ட பிணக்காலும் தொடக்கத்திலேயே முடிந்தது. அடுத்த ஆண்டு காரகோரத்தின் பியாஃபோ பனியாற்றுக்குச் சென்று, 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரமொன்றையும் ஃபேனி எட்டினார். சிகரமொன்றுக்கு இறந்த மகனின் பெயரால் சீக்ஃப்ரீட்ஹார்ன் என்று பெயரிட்டனர்.

1906இல், தமது 47ஆம் வயதில், நுன் குன் மலைத்தொகுதியின் பினக்கிள் சிகரத்தில் (6,930 மீ.) ஏறினார். பெண்கள் எட்டிய உயரத்தில் இது 1934 வரை முறியடிக்கப்படவில்லை. ஃபேனி தம் சாதனையைக் காப்பதில் மிகுந்த பிடிவாதம் கொண்டவர். 1908இல் பெரு நாட்டின் உவாசுகரான் மலையில் ஏறிய ஆனி ஸ்மித் பெக், தாம் அதைவிட உயரத்தை எட்டியிருக்கலாம் என்று கருதினார். உடனே ஃபேனி ஏறத்தாழ 13,000 டாலர் செலவிட்டு, பிரெஞ்சு நில அளவையாளர்களைப் பெருவுக்கு அனுப்பி மலையை அளக்கச் செய்தார். பெக் ஏறிய சிகரம் சுமார் 6,650 மீட்டரே என முடிவாயிற்று. போட்டியாளரை மறுக்க இவ்வளவு பொருள் செலவிட்ட மலையேறுநர் வேறொருவர் இருப்பது ஐயமே.

1911, 1912ஆம் ஆண்டுகளில் சியாச்சின் பனியாற்றில் நடத்திய ஆய்வுப் பயணமே இவருடைய மிகச் சிறந்த பணி. அதன் நிலப்படத்தை வரைவதற்குத் தேர்ந்த அளவையாளர்களை அழைத்துச் சென்றார். 1912 பயணத்தின் தலைமையும் இவருடையதே. அப்பயணத்தில் இத்தாலியச் சுமையாளர் ஒருவர் பனிப்பிளவில் விழுந்து உயிரிழந்தார். ஃபேனி மயிரிழையில் தப்பினார். ஏறத்தாழ 6,400 மீட்டர் உயரத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி இவர் நிற்கும் ஒளிப்படம் இப்பயணத்தில் எடுக்கப்பட்டதே.

விமர்சனம்

பெண்ணின் தகுதி மறுக்கப்பட்ட இடங்களிலெல்லாம் ஃபேனி விடாது வாதிட்டார். 1905இல் இலண்டன் அரச புவியியற் கழகத்தில் உரையாற்றினார். இசபெல்லா பேர்டுக்கு அடுத்து அங்கு உரையாற்றிய இரண்டாவது பெண் இவரே. பாரிசு சோர்போன் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய முதல் அமெரிக்கப் பெண்ணும் இவரே. ஆனால் இதே உணர்வு தம் சுமையைத் தூக்கிய இந்தியர் மீது செல்லவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்றும் நம்பத் தகாதவர்கள் என்றும் தம் நூல்களில் பலமுறை குறைகூறினார். போதிய உடையும் காலணியும் இன்றிப் பனியில் நடக்க அவர்கள் தயங்கியதன் காரணத்தை ஆராய இவர் முற்பட்டதாகத் தெரியவில்லை. பயண வரலாற்றை எழுதிய பிற்காலத்தவர் பலர் இக்குறையைச் சுட்டியுள்ளனர்.

இறுதிக் காலம்

சியாச்சின் பற்றிய நூல் 1917இல் வெளிவந்தது. பின்னர் தென்பிரான்சில் தங்கிய ஃபேனி நெடுநாள் நோயுற்று, 1925இல் கான் நகரில் காலமானார். தம் உயிலில் ராட்கிளிஃப், வெல்லெஸ்லி, ஸ்மித், பிரின் மார் ஆகிய நான்கு மகளிர் கல்லூரிகளுக்கு மொத்தம் 1,25,000 டாலர் எழுதிவைத்திருந்தார். கணவர் 1937 வரை வாழ்ந்தார்.

மகள் ரேச்சல் நிலவியல் பயின்று, கான்பூரில் கம்பளி ஆலைகள் நடத்திய அலெக்சாண்டர் மக்ராபர்ட்டை 1911இல் மணந்தார். அவருடைய மூன்று மகன்களும் விமானத்தில் பறக்கும்போது உயிரிழந்தனர். ஒருவர் 1938இலும், போர்ப்பணியில் இருந்த இருவர் 1941இலும் இறந்தனர். அதன்பின் ரேச்சல் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வாங்க 25,000 பவுண்டு பிரித்தானிய வான்படைக்கு அளித்தார்.

ஃபேனி, வில்லியம் இருவரின் அஸ்தியும் வூஸ்டர் நகரக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டுள்ளது. இமயமலையின் முன்னோடி ஆய்வாளர்கள் என்று அங்குள்ள கல்லில் பொறித்திருக்கிறார்கள்.