ஜானி இல்லாத டீமுக்கு ஒரு ரோபோ: ‘ஹெர்பி’யை வரைந்த ஜாக் கிர்பி யார்?

2025-ல் வந்த ‘தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ பார்த்தவர்களுக்கு ஹெர்பியைத் தெரிந்திருக்கும். வீட்டு வேலைக்கெல்லாம் ஒத்தாசையாகச் சுற்றி வரும் குட்டி ரோபோ. அது இந்தப் படத்துக்காக யோசித்த கேரக்டர் இல்லை. 1978-ல் ஒரு ஒப்பந்தச் சிக்கலில் பிறந்தது. அதை வரைந்தவர் ஜாக் கிர்பி.

யார் இந்த கிர்பி?

1917-ல் நியூயார்க்கின் ஏழைகள் பகுதியான லோயர் ஈஸ்ட் சைடில், குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். அப்பாவுக்குத் துணி தைக்கும் ஆலையில் வேலை. மகன் இளம் வயதில் ‘பாப்பாய்’ கார்ட்டூன் எடுத்த ஃப்ளெய்ஷர் ஸ்டுடியோவில் இருந்தார். ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் வரும் படங்களை வரைந்து நிரப்புவதுதான் வேலை. பிறகு காமிக்ஸ். ஜோ சைமனுடன் சேர்ந்து கேப்டன் அமெரிக்காவை உருவாக்கினார். முதல் இதழின் அட்டையிலேயே ஹீரோ ஹிட்லர் முகத்தில் குத்துவார். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு வந்த அட்டை அது! 1944-ல் கிர்பியே சிப்பாயாக பிரான்ஸில் இறங்கினார். கடுங்குளிரில் கால்கள் மரத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

1961-ல் ஸ்டான் லீயுடன் ஃபென்டாஸ்டிக் ஃபோர். அந்த காமிக்ஸுக்குள்ளேயே 1966-ல் பிளாக் பேந்தரை இறக்கினார்கள். ஹல்க், தோர், எக்ஸ்-மென் எல்லாம் இந்தக் கூட்டணியின் காலம்தான். புதுச்சேரி பஸ்ஸில் வளவனூரைத் தாண்டும்போது போனில் மார்வெல் படம் பார்க்கிறீர்கள் என்றால், அதில் பலர் கிர்பியின் பென்சிலில் வந்தவர்கள். ஆனால் உரிமை கம்பெனிக்கு. அவருக்கு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவுதான்.

ஹெர்பி ஏன் வந்தது?

1978-ல் என்பிசி டிவிக்காக ஃபென்டாஸ்டிக் ஃபோர் கார்ட்டூன் தயாரானது. நாலு பேரில் ஒருவன், உடம்பில் தீ எரிய பறக்கும் ஜானி ஸ்டார்ம், கைக்கு வரவில்லை. அவனை வைத்துத் தனியாகப் படம் எடுக்கும் உரிமை யூனிவர்சலிடம் போயிருந்தது (அந்தப் படம் வரவே இல்லை). குழந்தைகள் அவனைப் பார்த்துத் தீ வைத்துக்கொள்வார்கள் என்று பயந்து நீக்கிவிட்டார்கள் என ஒரு கதை பல வருஷம் ஓடியது. அந்தக் காலத்து வாட்ஸ்அப் ஃபார்வர்டு.

காலி இடத்துக்குத்தான் பறக்கும் ரோபோ. ஹெர்பியை வரைந்ததோடு, தொடரின் ஸ்டோரிபோர்டையும் கிர்பி வரைந்தார். ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. காரணம் ரோபோ என்பதல்ல என்றே தோன்றுகிறது. இந்த டீம் ஒரு குடும்பம். ரீட் மூளை, சூ பொறுப்பு, பென் முரட்டு அண்ணன், ஜானி வம்பிழுக்கும் தம்பி. போனது நெருப்பு மட்டுமில்லை, தம்பியும்தான். கணக்குப் போடும் ஹெர்பி வந்ததும் வீட்டில் மூளை ரெண்டாச்சு, வம்புக்கு ஆளில்லை. 13 எபிசோடோடு தொடர் முடிந்தது.

கிர்பிக்கு என்ன கிடைத்தது?

காமிக்ஸ் தராத ஒன்று: நிலையான சம்பளம், மருத்துவக் காப்பீடு. அறுபது வயதைத் தாண்டிய பிறகு! அடுத்து ரூபி-ஸ்பியர்ஸ் ஸ்டுடியோவில் ‘தண்டார் த பார்பேரியன்’ உட்பட கார்ட்டூன்களுக்கு உருவங்கள் வரைந்தார். இன்னொரு பக்கம், தான் கையால் வரைந்த ஒரிஜினல் பக்கங்களைத் திரும்பக் கேட்டு மார்வெலோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1987-ல் ஒரு பகுதிதான் வந்தது.

1994 பிப்ரவரி 6-ல், 76 வயதில் இறந்தார். உரிமைக்காகப் பிள்ளைகள் நடத்திய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்ற வாசல்வரை போய், 2014-ல் சமரசத்தில் முடிந்தது.

2025 படத்தில் ஜானியும் இருக்கிறான், ஹெர்பியும் இருக்கிறது. கதை நடக்கும் பூமியின் எண் 828. கிர்பியின் பிறந்தநாள் ஆகஸ்ட் 28.