பேரறிஞர் சேர்ஜி வினோகிராட்ஸ்கி

ஆலைக் கழிவுநீரை ஆற்றிலோ கடலிலோ விடுமுன் அதிலுள்ள நைத்திரேற்றை அகற்றுதல் இக்காலப் பொறியியலாளரின் பெரும் பணிகளுள் ஒன்றாகும். பசளை ஆலை, வெடிமருந்து ஆலை, நைத்திரிக்கமிலங்கொண்டு கறையில் உருக்கைத் துலக்கும் ஆலை முதலியவற்றின் கழிவில் இது மிகுதியாயுண்டு. நைத்திரேற்று நீரில் முற்றாகக் கரைவது, வடிகட்டினால் தங்காது, கொதிக்கவைத்தால் நீர் குறைய அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே, கண்ணுக்குப் புலனாகாப் பற்றீரியாக்களை வேலைக்கமர்த்தி அதனை அகற்றும் முறை பெருவழக்காயிற்று. அம்முறைக்கு அடிகோலிய அறிஞர் வரிசையில் முன்வைத்து எண்ணத்தக்கவர் சேர்ஜி வினோகிராட்ஸ்கி. அவர்தம் ஆய்வேயன்றி வாழ்வும் மாணவர் உலகு அறிந்து பயன்கொள்ளத்தக்கது.

இவர் 1856 ஆம் ஆண்டில், அந்நாளில் ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த கீவ் நகரிற் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தார். பல்கலைக்கழகம் புகுந்து சட்டம் பயிலத் தொடங்கினார்; அதில் மனம் பொருந்தவில்லை. பின்னர் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் இசைக் கல்லூரியை அடைந்து பியானோ பயின்றார். அதுவும் அவர் அறிவுப் பசியைத் தணித்திலது. ஈற்றில் இயற்கை விஞ்ஞானமே தமக்குரிய துறையெனத் தெளிந்து, 1881 இல் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். தமக்கேற்ற கல்வி எதுவெனத் தெளியாது தடுமாறும் இளைஞர் எக்காலத்தும் உளர். அத்தடுமாற்றம் இழுக்கன்று என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

1885 இல் ஸ்ற்றாஸ்பேர்க் சென்று தாவரவியற் பேராசிரியர் டி பாரியின் ஆய்வுகூடத்தில் அமர்ந்தார். கந்தக ஊற்றுக்களில் வாழும் பெக்கியற்றோவா என்னும் இழைப் பற்றீரியத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நாடோறும் நீரை மாற்றி, நுணுக்குக்காட்டியால் உற்றுநோக்கி வந்தார். ஐதரசன் சல்பைட்டுள்ள நீரைப் பெற்றபோது அவ்விழையினுள்ளே கந்தகத் துணிக்கைகள் நிறைந்தன. அந்நீர் இல்லாதபோது அவை கரைந்து மறைந்தன. இதிலிருந்து, கந்தகத்தை ஒட்சியேற்றுவதனாற் பெறுஞ் சத்தியே அவ்வுயிருக்கு வாழ்வளிப்பது என 1887 இல் முடிவு கூறினார். சேதனப் பொருளல்லாததொன்றை எரித்துச் சத்தி பெறும் உயிர் உண்டென்பது அன்றைய உயிரியலுக்கு முற்றிலும் புதியது.

டி பாரி 1888 இல் இறந்தபின் இவர் சூரிச் நகருக்குப் பெயர்ந்தார். அக்காலத்தே அறிஞரை மயக்கிநின்ற வினா ஒன்றிருந்தது. மண்ணிலுள்ள அமோனியா நைத்திரேற்றாக மாறுவது எவ்வாறு? 1877 இல் சுலோசிங், முன்ஸ் என்னும் பிரான்சிய அறிஞரிருவர் கழிவுநீரை மணல் நிரப்பிய குழாயினூடு செலுத்தி, குளோரபோம் ஆவி பட்டவுடன் அம்மாற்றம் நின்றுவிடுதலைக் கண்டு, அது உயிர்களின் தொழிலேயென நிறுவியிருந்தனர். எனினும் அவ்வுயிரைத் தனித்தெடுத்தல் அரிதாயிருந்தது. பற்றீரியா வளர்ப்பதற்கு அந்நாளில் வழங்கிய செலற்றீன் தகட்டில் வேறு பற்றீரியாக்களே முளைத்தன. தேடிய உயிர் தோன்றவில்லை.

வினோகிராட்ஸ்கி இங்கேதான் வழியைத் திருப்பினார். பிறர் உணவைக் கூட்டிப் பார்த்தனர். இவரோ சேதன உணவை முற்றாக நீக்கினார். செலற்றீன் தகட்டில் எதுவும் முளையாத இடங்களிலிருந்தே விதையெடுத்தார். பின்னர், மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவினாற் களி செய்து அதன்மேல் வளர்த்து, தேடிய உயிரைத் தனித்துக் கண்டார். 1890, 1891 ஆம் ஆண்டுகளில் வெளியான இவ்வாய்வுகளால், அமோனியாவை நைத்திரைற்றாக்குவது ஒரு பற்றீரிய வகை, நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குவது பிறிதொரு வகை என்பது தெளிவாயிற்று. அவை சூரிய ஒளியின்றியே காபனீரொட்சைட்டைத் தம் உடலாக்குவனவென்றும் அறியப்பட்டது. இருபடிகளையும் ஒருங்கே செய்யும் பற்றீரியமும் உண்டென 2015 இற் கண்டனர். அவர் இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்த புது மாடமே அது.

1891 இல் தாயகம் மீண்டு செயின்ற் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்த பரிசோதனை மருத்துவ நிலையத்திற் பணியேற்றார். அங்கே வளியின் நைதரசனைக் காற்றின்றியே பதிக்கும் பற்றீரியமொன்றைக் கண்டு, அதற்குப் பாஸ்ரரின் பெயரைச் சூட்டினார். 1905 இற் பதவியினின்றும் விலகித் தம் பண்ணையில் வாழலானார். ஆய்வுகூடத்தை நீங்கிய அவ்வாழ்வு பதினைந்து ஆண்டு நீடித்தது. 1917 ஆம் ஆண்டின் புரட்சியும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் அவர்தம் உடைமையனைத்தையும் கொண்டுபோயின. தாய்நாட்டைத் துறந்து பெல்கிறேட் நகரை அடைந்தபோது அவருக்கு ஆய்வுகூடமுமில்லை, செல்வமுமில்லை. 1922 இற் பாரிசுப் பாஸ்ரர் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பிறர் ஓய்வை நாடும் அறுபத்தாறாம் வயதில், விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடங்கினார். பாரிசுக்கு அணித்தாயுள்ள பிரி-கொம்த்-றொபேர் என்னும் ஊரில் மண்ணின் நுண்ணுயிர்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார். மகள் எலேன் துணைநின்றார். 1935 இல் லீவன்ஹூக் பதக்கம் அவரை அடைந்தது. அரை நூற்றாண்டின் ஆய்வுகளைத் திரட்டி 1949 இற் பெருநூலாக வெளியிட்டு, 1953 இல் தமது தொண்ணூற்றாறாம் வயதிற் காலமானார்.

இனி, இவர் கண்டது கழிவுநீருக்கு உதவுமாற்றைக் காண்போம். நைத்திரேற்றை ஆக்கும் உயிர்கள் ஒருபுறமிருக்க, அதனை அழிக்கும் உயிர்கள் மறுபுறமுள. அவற்றுட் சிலவற்றை 1886 இற் பிரான்சிய அறிஞர் கயோன், டூபெற்றி என்போர் தனித்தெடுத்தனர். ஒட்சிசன் கிடையாதபோது இவை நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைத்திரேற்று, நைத்திரைற்று, நைத்திரிக்கொட்சைட்டு, நைத்திரசொட்சைட்டு என்று படிப்படியாக இறங்கி, ஈற்றில் நைதரசன் வாயுவாகி வளியிற் கலக்கின்றது. ஆதலின் அமோனியாவுள்ள கழிவை முதலிற் காற்றூட்டிய தொட்டியில் வினோகிராட்ஸ்கி கண்ட உயிர்களிடம் விடுவர். பின் காற்றற்ற தொட்டியில் மற்றையவற்றிடம் ஒப்படைப்பர். ஆலைக் கழிவிற் பற்றீரியாவுக்குரிய காபனுணவு குறைவாயின், மெதனோலோ அசற்றிக்கமிலமோ அளவறிந்து சேர்ப்பர். அளவு குறையின் நைத்திரேற்று எஞ்சும்; கூடின் நீர் புதிதாய் மாசுறும்.

இவ்விடர்க்கும் ஒரு தீர்வுண்டு. கந்தகத்தையே உணவாகக்கொண்டு நைத்திரேற்றை நீக்கும் பற்றீரியத்தை ஒல்லாந்த அறிஞர் பெயரிங் 1904 இல் விவரித்தார். கந்தகத் துண்டுகளையும் சுண்ணக்கற்களையும் தொட்டியில் நிரப்பி நீரைச் செலுத்தினால், அவ்வுயிர் கந்தகத்தை எரித்து நைத்திரேற்றை அழிக்கும். தோன்றும் அமிலத்தைச் சுண்ணக்கல் நடுநிலையாக்கும். மெதனோல் வேண்டியதில்லை, ஆனால் நீரிற் சல்பேற்று மிகும். ஸ்ற்றாஸ்பேர்க்கிற் கண்ணாடித் தகட்டின்மேற் கண்ட கந்தக வாழ்வு இவ்வாறு ஆலைத் தொட்டியிற் பயன்தருகின்றது.

இஃது எமக்கு அயலான செய்தியன்று. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மிகுந்தாற் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் படையில் தங்கும் கிணற்று நீரில், தோட்டப் பசளையாலும் மலக்குழிகளாலும் இவ்வுப்பு பலவிடங்களில் இவ்வளவைக் கடந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே ஆலையில்லை, மாசு ஒன்றே.

மாணவர் ஒரு கண்ணாடிச் சாடியிற் குளத்துச் சேறும், கிழித்த கடதாசியும், சிறிது கல்சியஞ் சல்பேற்றும் இட்டு நீர் விட்டு வெளிச்சத்தில் வைப்பாராயின், சில கிழமைகளிற் பச்சையும் ஊதாவுமாய்ப் படைகள் தோன்றக் காண்பர். வினோகிராட்ஸ்கி நிரல் எனப் பெயர் பெற்றது அதுவே. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் இழந்தபின்னும் அறுபத்தாறில் மீண்டும் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்த அப்பெரியாரின் பொறுமை எம் இளைஞரிடத்தும் வேரூன்றுமாயின், எங்கள் கிணறுகளுக்கும் ஒருநாள் நல்ல காலம் பிறக்கும்.